ஒயினில் எவ்வளவு சல்பைட்? விடை அளக்கும் முறையைப் பொறுத்தது

ஒரே சிவப்பு ஒயினை இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினால், 'கட்டற்ற சல்பைட்' என்ற வரியில் இரண்டு வேறு எண்கள் வரக்கூடும். இரு இடத்திலும் கவனமாகவே வேலை செய்திருப்பார்கள். கருவிகளிலும் கோளாறு இருக்காது. அளக்கப்படும் பொருள் அளக்கும்போதே இடம் மாறுகிறது என்பதுதான் காரணம்.

ஒயின் கெடாமலிருக்கச் சேர்ப்பது சல்பர் டைஆக்சைடு; ஒயினில் அது எடுக்கும் வடிவங்களைப் பொதுவாகச் சல்பைட் என்கிறார்கள். அதைப் பெரும்பாலும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்ற உப்பாகச் சேர்க்கிறார்கள். நொதிக்கும்போது ஈஸ்டும் தன் பங்குக்குச் சிறிது உண்டாக்குவதால், எதுவும் சேர்க்காத ஒயினில்கூட அது சுழியமாக இருப்பது அரிது. ஒயினுக்குள் போனதும் அதில் ஒரு பகுதி வேறு பொருள்களோடு பிணைந்துகொள்கிறது. நொதிக்கும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற சேர்மத்தோடு ஏற்படும் பிணைப்பு இறுக்கமானது, எளிதில் விடாது. சிவப்பு நிறம் தரும் ஆந்தோசயனின்களோடு ஏற்படுவது தளர்வானது. பிணையாமல் எஞ்சுவதே கட்டற்ற சல்பைட். அதிலும் பெரும்பகுதி பைசல்பைட் அயனியாகத்தான் இருக்கும். நுண்ணுயிர்களை உண்மையில் அடக்குவது மூலக்கூறு வடிவில் இருக்கும் சிறு பங்கு மட்டுமே. அது எவ்வளவு என்பது அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எண்ணைப் பொறுத்தது (எண் குறைந்தால் அமிலம் அதிகம்). பி.எச். 3.0 என்றால் அது கட்டற்றதில் சுமார் 6 சதவீதம், 3.5 என்றால் வெறும் 2 சதவீதம்.

இந்த வித்தியாசம் பெரியது. பாதுகாப்புக்கு லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் மூலக்கூறு வடிவம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பி.எச். 3.0 உள்ள ஒயினுக்கு லிட்டருக்கு 13 மில்லிகிராம் கட்டற்ற சல்பைட் போதும், 3.5 உள்ளதற்கு 40 தேவை. ஆகவே ஒயின் தயாரிப்பவருக்குக் கட்டற்ற அளவு துல்லியமாகத் தெரிய வேண்டும். சட்டமோ கட்டற்றதும் பிணைந்ததும் சேர்ந்த மொத்த அளவைப் பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இனிப்பில்லாத சிவப்பு ஒயினுக்குப் பொதுவான உச்சவரம்பு லிட்டருக்கு 150 மில்லிகிராம், வெள்ளைக்கு 200.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த ரிப்பர் முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மாதிரியில் அமிலமும் சிறிது ஸ்டார்ச் கரைசலும் சேர்த்து, பியூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து அயோடினைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். சல்பைட் உள்ளவரை விழும் அயோடின் அயோடைடாகிவிடும். அது தீர்ந்ததும் அடுத்த சொட்டு ஸ்டார்ச்சோடு சேர்ந்து கருநீலம் காட்டும். செலவழிந்த அயோடினிலிருந்து சல்பைட்டைக் கணக்கிடலாம். மொத்த அளவு வேண்டுமென்றால், முதலில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சிறிது நேரம் வைத்துப் பிணைப்புகளை அவிழ்த்துவிட்டு, மறுபடி அமிலமாக்கி அளப்பார்கள்.

விரைவானது, மலிவானது. ஆனால் அயோடினுக்குச் சல்பைட் மட்டும் இரையல்ல. அஸ்கார்பிக் அமிலமும் (வைட்டமின் சி), திராட்சையிலிருந்து வரும் பாலிபீனால் சேர்மங்களும் அதைத் தின்னும். அடர்சிவப்பு ஒயினில் கருநீலத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. இவற்றைவிட ஆழமான சிக்கல் வேறு. கட்டற்ற சல்பைட்டை அயோடின் தீர்க்கத் தீர்க்க, தளர்வாகப் பிணைந்திருந்தது கழன்று அந்த இடத்துக்கு வருகிறது. மெதுவாக அளப்பவருக்கு எண் கூடிக்கொண்டே போகும்.

காற்றூட்டல் முறை இதில் ஒரு பாதியைத் தீர்க்கிறது. நான் விரும்பும் முறையும் இதுவே, ஏனென்றால் இது சல்பைட்டை முதலில் ஒயினிலிருந்து பிரித்து எடுத்துவிடுகிறது. 20 மில்லிலிட்டர் மாதிரியில் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்தால் பைசல்பைட் வாயுவாக மாறும். அதன் வழியே சுமார் 15 நிமிடம் காற்றை இழுத்தால், வாயு அடுத்த குடுவையிலுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடுக்குள் போய்க் கந்தக அமிலமாகும். அந்தக் குடுவையில் மெத்தில் சிவப்பும் மெத்திலீன் நீலமும் கலந்த நிறங்காட்டி இருக்கும். தொடக்கத்தில் பச்சையாக இருக்கும் கரைசல் அமிலம் சேரும்போது ஊதாவாகும். பச்சை திரும்பும்வரை 0.01 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டவிட வேண்டும். செலவாகும் ஒவ்வொரு மில்லிலிட்டரும் லிட்டருக்கு 16 மில்லிகிராம் சல்பர் டைஆக்சைடைக் குறிக்கும். மாதிரியைக் கொதிக்கவைத்துத் தொடர்ந்தால் பிணைந்த பகுதியும் வந்துவிடும். அப்போது ஒயினின் அசிட்டிக் அமிலம் ஆவியாகித் தாண்டிவிடாமல் இடையே ஒரு குளிர்விப்பான் அவசியம்.

நிறமோ அஸ்கார்பிக் அமிலமோ இங்கே தொல்லை தருவதில்லை. ஆனால் மாதிரியை அமிலமாக்குவதும் வாயுவை வெளியே இழுப்பதுமே ஆந்தோசயனின் பிணைப்பைக் குலைக்கின்றன. சிவப்பு ஒயினில் இந்த முறையும் கட்டற்ற அளவைக் கூட்டியே காட்டுகிறது.

மொத்த அளவுக்கு, ஒயினுக்கு அப்பால் உணவுப் பொருள்கள் அனைத்திலும் வேரூன்றியது 1927இல் வெளியான மோனியர்-வில்லியம்ஸ் முறை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு நீண்ட நேரம் கொதிக்கவைத்து, வாயு ஓட்டத்தால் பெராக்சைடுக்கு அனுப்புவது இதன் சாரம். அமெரிக்காவில் பத்து லட்சத்தில் 10 பங்கு சல்பைட் இருந்தாலே அதைப் பொருளின் விவரச்சீட்டில் அறிவிக்க வேண்டும். சல்பைட்டால் மூச்சுத் திணறும் ஆஸ்துமா நோயாளிகளுக்கு இந்த அறிவிப்பு மிகவும் முக்கியம். மேம்படுத்தப்பட்ட மோனியர்-வில்லியம்ஸ் முறையின் நம்பகமான கீழ் எல்லையும் ஏறக்குறைய அதே 10தான். பூண்டு, முட்டைக்கோஸ் போன்றவற்றில் இயல்பாகவே உள்ள கந்தகச் சேர்மங்கள் கொதிக்கும்போது சிதைந்து, இல்லாத சல்பைட்டை இருப்பதாகக் காட்டும். அத்தகைய உணவுகளுக்கு, கலவையைப் பிரித்து மூலக்கூறுகளை நிறையால் இனங்காணும், நிறை நிறமாலைமானியோடு இணைந்த திரவ நிறப்பகுப்பு முறையை நாட வேண்டியிருக்கிறது.

ஆகவே ஆய்வறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் முறையின் பெயரும் இருந்தே ஆக வேண்டும். ஒரு சிவப்பு ஒயினை மாதக்கணக்கில் கண்காணிப்பவர் முறையை நடுவில் மாற்றினால், முதல் மாதத்து எண்ணையும் கடைசி மாதத்து எண்ணையும் ஒப்பிட முடியாது.

கட்டற்றதற்கும் பிணைந்ததற்கும் இடையிலான சமநிலையைத் தொடாமலே அளக்கும் வழியும் இப்போது இருக்கிறது. மூடிய குப்பியில் ஒயினுக்கு மேலே நிற்கும் காற்றில் எவ்வளவு சல்பர் டைஆக்சைடு இருக்கிறது என்று மட்டும் பார்ப்பார்கள். திரவத்திலிருந்து ஆவியாவது மூலக்கூறு வடிவம் மட்டுமே என்பதால், வெப்பநிலையையும் ஆல்கஹால் அளவையும் கணக்கில் கொண்டால் ஒயினுக்குள் அது எவ்வளவு என்று நேரடியாகத் தெரியும். அமிலம் சேர்ப்பதில்லை, நீர் கலப்பதில்லை. இப்படி அளந்த சிவப்பு ஒயின்களில், பழைய முறைகளின் எண்ணிலிருந்து கணக்கிட்டதைவிட மூலக்கூறு வடிவம் மிகக் குறைவாக இருப்பது தெரியவந்திருக்கிறது.