புல் அல்ல, பீரங்கி

"மூங்கில் கழியும் மிதிவண்டியும் பிரெஞ்சு வல்லரசைச் சாய்த்தன" என்ற வாட்ஸ்அப் செய்தி மறுபடியும் சுற்றுகிறது. கடைசி வரி வழக்கம்போல: வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். போதும் ஐயா.

1954 மார்ச் 13 அன்று, வியட்நாமின் மலைப் பள்ளத்தாக்கில் இருந்த தியன் பியன் பூ என்ற பிரெஞ்சு முகாமைத் தாக்கிய வியட் மின் (பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த வியட்நாம் விடுதலை இயக்கம்) படையினர் சுமார் 50,000 பேர். உள்ளே இருந்த பிரெஞ்சுத் தரப்பினர் ஏறக்குறைய 11,000. உலகக் கணக்கில் பிரான்ஸ் பெரியது; அந்தப் பள்ளத்தாக்கில் சிறியது. ஹனோயிலிருந்து சுமார் 300 கி.மீ. தள்ளி, சோறும் குண்டும் விமானத்தில் மட்டுமே வரும் இடத்தில் போய் உட்கார்ந்தது பிரெஞ்சுப் படையேதான்.

வீரம்தான் வென்றது என்பவர்கள் 1951 ஜனவரியின் வின் யென் போரையும் படியுங்கள். அங்கும் பிரெஞ்சுப் படையோடுதான் சண்டை. தியன் பியன் பூவில் வியட் மின்னை நடத்திய அதே தளபதி ஜியாப், அதே வீரம். சமவெளியில் அலை அலையாக ஆட்களை அனுப்பினார். பிரெஞ்சு விமானங்கள் நேபாம் என்ற தீக்குண்டுகளைக் கொட்டின, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். வீரம் குறைவில்லை, இடம்தான் தப்பு.

மிதிவண்டி பொய்யல்ல. கைப்பிடியில் மூங்கில் கட்டித் தள்ளியே 200 கிலோவுக்கு மேல் கொண்டுபோனார்கள். ஆனால் கூடவே சோவியத் லாரிகளும் ஓடின. சீனா தந்த 105 மி.மீ. பீரங்கிகளைக் கயிறு கட்டி மலையேற்றி, பள்ளத்தாக்கைப் பார்த்த சரிவில் குகை தோண்டி, வாய் மட்டும் தெரியும்படி வைத்தார்கள். பிரெஞ்சுப் பீரங்கிகளோ திறந்த குழிகளில் நின்றன. எதிரியின் பீரங்கிகளை அடக்கிவிடுவேன் என்று சொன்ன பிரெஞ்சுப் பீரங்கித் தலைவர் கர்னல் பிரோ, தாக்குதல் தொடங்கிய இரண்டே நாளில் கையெறி குண்டால் தற்கொலை செய்துகொண்டார். மார்ச் இறுதியில் முகாமின் விமான ஓடுதளம் பயன்படாமல் போயிற்று. 37 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்குப் பயந்து உயரத்திலிருந்து பாரசூட்டில் போட்ட சரக்கில் ஒரு பகுதி எதிரி கையில் விழுந்தது. பிறகு வியட் மின் வெட்டிய பதுங்குகுழிகள் நாளுக்கு நாள் முகாமை நெருங்கின. மே 7 அன்று முகாம் வீழ்ந்தது.

முதலில் அந்த ஆண்டு ஜனவரி 25-க்குக் குறித்த தாக்குதலை ஜியாப் கடைசி நேரத்தில் நிறுத்தி, உயிரைக் கொடுத்து இழுத்து வந்த பீரங்கிகளைத் திரும்ப இழுக்கச் சொன்னதுதான் அந்தப் போரின் மிகக் கடினமான முடிவு. அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

தயவுசெய்து, அடுத்த "எளியவன் வென்ற கதை"யை அனுப்புமுன் பாருங்கள்: சண்டை நடந்த இடத்தில் யாரிடம் ஆள் அதிகம்? யாருடைய வழங்கல் பாதை அறுந்தது? ஆயுதம் எந்த எல்லை வழியாக வந்தது? செத்தவர்கள் எத்தனை பேர்?