பீரோவில் இருக்கும் அட்டையும் பதிவில் இல்லாத பெயரும்

கல்லல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. திருமணமாகி ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. வயிற்றில் ஐந்து மாதக் குழந்தை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்ல, எக்கோ எடுத்துப் பார்த்தபோது, சிறு வயதில் வந்து போன மூட்டுக் காய்ச்சல் அவருடைய இதயத்தின் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது தெரிந்தது. பலூன் மூலம் அந்த வால்வை விரிக்க வேண்டும், பிரசவம் வரை காத்திருக்கக் கூடாது என்று இதய மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மாமியார் முந்தானையில் முடிந்து வைத்திருந்த காப்பீட்டு அட்டையை எடுத்து என் மேசையில் வைத்து, "கார்டு இருக்கு தாயி, ஒன்னும் பிரச்சினை இல்லைல?" என்று கேட்டார். அட்டையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதன் பதிவில் மாமனார், மாமியார், மகன் என்று மூன்று பெயர்கள்தான் இருந்தன. பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலிருந்து பெண்ணின் பெயரைத் திருமணத்துக்குப் பின் நீக்கிவிட்டார்கள். புகுந்த வீட்டுக் கார்டில் சேர்ப்பதை ஆடி கழியட்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளிப் போட்டிருந்தார்கள். அரசுப் பதிவுகளின்படி அன்றைக்கு அவர் எந்தக் குடும்பத்திலும் இல்லை.

காரைக்குடியில் ஒரு மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் நான் பதினோரு ஆண்டுகளாகத் தொடர்பு அலுவலராக இருக்கிறேன். நோயாளியின் ஆவணங்களைச் சரிபார்ப்பதும், சிகிச்சைக்கு முன் அனுமதி கேட்டுப் பெறுவதும், அவர் வீடு திரும்பும்போது கோப்பை முடிப்பதும் என் வேலை. தகுதி இல்லை என்று திரும்பிப் போனவர்களைவிட, எல்லாத் தகுதியும் இருந்தும் பதிவு சரியாக இல்லாததால் படுக்கைக்கும் அலுவலகத்துக்கும் இடையே அலைந்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். காப்பீடு என்பது பீரோவில் உள்ள அட்டை அன்று. அந்த அட்டைக்குப் பின்னால் இருக்கும் பதிவுதான் காப்பீடு. அந்தப் பதிவை உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே சரிபார்த்து வையுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

ஏழைக் குடும்பங்களுக்கான இந்தக் காப்பீடு தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரி முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடந்து வருகிறது; 2018 செப்டம்பரில் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இதனுடன் இணைந்தது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை கிடைக்கிறது. பிரீமியத்தை அரசு செலுத்துகிறது. வயது வரம்பு இல்லை. ஏற்கெனவே நோய் இருப்பதும் தடையாகாது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது முதன்மையான நிபந்தனை. முன்பு இந்த வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது. அந்தக் காலத்தில் "உங்களுக்கு வராது" என்று கேட்டுவிட்டுத் திரும்பியவர்களில் பலர், வரம்பு உயர்ந்ததை அறியாமல், அந்த ஒரு மறுப்பையே முடிவாக எடுத்துக்கொண்டு மறுபடி விண்ணப்பிக்காமலே இருக்கிறார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள்.

புதிதாகச் சேர்வதற்கு மூன்று ஆவணங்கள் வேண்டும்: குடும்ப அட்டை, குடும்பத்தார் அனைவரின் ஆதார், வருவாய்த் துறையினர் தரும் வருமானச் சான்று. இவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்கு நேரில் செல்ல வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டத்தினருக்கு அது சிவகங்கை. திருமயம் பக்கத்தினருக்குப் புதுக்கோட்டை. அங்கே புகைப்படமும் கைரேகையும் எடுத்துப் பதிவு செய்வார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்குச் செலுத்தும் சிறு தொகையைத் தவிர, "கார்டு போட்டுத் தருகிறேன்" என்று தெருவுக்கு வந்து பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் ஆதார் எண்ணையோ கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணையோ கொடுக்காதீர்கள்.

வருமானச் சான்று எளிதானதுபோலத் தெரிந்தாலும், நம் பகுதியில் மிகுந்த சிக்கல் அதில்தான் வருகிறது. இங்கே மாதச் சம்பளக்காரர்கள் குறைவு. கல்யாணச் சமையலுக்குப் போகிறவர்களுக்கு முகூர்த்த மாதங்களில் கை நிறையப் பணம் வரும். ஆடியிலும் மார்கழியிலும் அடுப்பே எரியாது. புதுவயல் அரிசி ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கும் கூலி அரவையைப் பொறுத்தது. இப்படிப்பட்டவர்கள் விசாரணையின்போது, நன்றாகச் சம்பாதித்த ஒரு மாதத்தின் தொகையை அப்படியே சொல்லிவிடுகிறார்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் வரம்பைத் தாண்டிவிடும். கேட்கப்படுவது ஆண்டு வருமானம் என்பதால், வேலை இல்லாத மாதங்களையும் சேர்த்து உண்மையான கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. குறைத்துச் சொல்லுங்கள் என்று நான் யாருக்கும் ஆலோசனை கூறமாட்டேன். வருமானம் உண்மையிலேயே வரம்புக்கு மேல் இருந்தால், மாதம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட சம்பளத்தில் பதிவு பெற்ற நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு இருக்கிறது, அரசு மருத்துவமனையின் கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைக் காவல் காத்துப் பராமரிக்கும் குடும்பத்துக்கு வேறு விதமான சிக்கல் வந்தது. வீட்டு உரிமையாளர்கள் வெளியூரில் இருக்க, இவர்கள் பின்கட்டை ஒட்டிய ஓர் அறையில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறார்கள். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் அந்தப் பெரிய வீட்டின் கதவு எண்தான் இருக்கிறது. இரண்டு தெருவைத் தொட்டு நிற்கும் வீட்டில் குடியிருப்பவருக்கு எப்படி வருமானம் குறைவாக இருக்கும் என்ற கேள்வி விசாரணையில் எழுந்தது இயல்பே. உரிமையாளரிடமிருந்து, இவர்கள் பராமரிப்புப் பணியாளர்கள், மாதச் சம்பளம் இவ்வளவு என்று ஒரு கடிதம் வாங்கி இணைத்த பிறகே சான்று கிடைத்தது. செட்டிநாட்டு ஊர்களில் இதே நிலையில் பல குடும்பங்கள் இருக்கின்றன. நகரத்தார் ஆச்சிமார்களும் ஐயாக்களும் ஊருக்கு வரும்போது, தம் வீட்டைக் காப்பவர்களுக்கு இந்த ஒரு கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் அது பேருதவியாக இருக்கும்.

கைரேகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆத்தங்குடி ஓட்டுப் பட்டறையில் இருபது, முப்பது ஆண்டுகள் சிமெண்டையும் மணலையும் சாயத்தையும் வெறுங்கையால் அளைந்தவர்களின் விரல்களில் கோடுகள் தேய்ந்துபோய்விடுகின்றன. கருவியில் எத்தனை முறை விரலை வைத்தாலும் ஏற்காது. கல் உடைப்பவர்களுக்கும், வயதானவர்களுக்கும் இப்படியே நேர்கிறது. ரேகை விழாததால் தமக்கு அட்டை இல்லை என்று முடிவு செய்துகொண்ட ஓர் ஓட்டுத் தொழிலாளியை, குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு வந்தபோதுதான் சந்தித்தேன். ரேகை ஏற்காவிட்டால் கருவிழி மூலமோ முகத்தின் மூலமோ ஆதாரைச் சரிபார்க்க வழி உண்டு. அதை நாமே கேட்க வேண்டும். ஆதார் மையத்தில் ரேகையையும் கருவிழியையும் முன்கூட்டியே புதுப்பித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. குழந்தைகளுக்கு ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் இந்தப் புதுப்பித்தலைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பின்னால் வரும் துன்பங்களுக்குக் காரணம். குடும்பம் மாறிக்கொண்டே இருக்கிறது. பதிவு தானாக மாறுவதில்லை. மகன் சிங்கப்பூர் போய்வந்து தனிக்குடித்தனம் செல்கிறான், கார்டைப் பிரிக்கிறார்கள், பெற்றோர் புதிய எண்ணுக்கு மாறுகிறார்கள். காப்பீட்டுப் பதிவோ பழைய எண்ணிலேயே நிற்கிறது. குடும்பத் தலைவர் இறந்துபோகிறார். அவர் பெயரை நீக்கித் தலைவரை மாற்றும் வேலை திதி முடிந்த பிறகும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. மகளுக்குத் திருமணமானால் பிறந்த வீட்டுப் பதிவு அவளுக்குப் பயன்படாது. இவை ஒவ்வொன்றிலும் முதலில் குடும்ப அட்டையையும், அதன் பிறகு காப்பீட்டுப் பதிவையும் திருத்த வேண்டும். இதற்கு மேல், எழுத்து வேறுபாடு என்ற தொல்லை ஒன்று உண்டு. சாத்தையா, கருப்பையா, அழகம்மை போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஆதாரில் ஒரு விதமாகவும் குடும்ப அட்டையில் வேறு விதமாகவும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று கணினி ஏற்க மறுக்கும். வீட்டில் இருக்கும் எல்லா ஆவணங்களையும் ஒரு மத்தியான நேரத்தில் பரப்பி வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருவரை விட்டு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

அட்டை தொலைந்துபோவதைப் பற்றி மட்டும் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். பதிவு உயிரோடு இருந்தால் குடும்ப அட்டை எண்ணைக் கொண்டே திட்டத்தின் இணையதளத்திலிருந்து மின் அட்டையை எடுத்துக்கொள்ளலாம். 1800 425 3993 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் விசாரிக்கலாம். மாறாக, 2009-இல் கொடுத்த பழைய அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து அதையே நம்பி வருகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

மருத்துவமனைக்குப் போகும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி "இங்கே காப்பீடு உண்டா?" என்பது அன்று, "இந்த நோய்க்கு, இந்தப் பிரிவில், இங்கே காப்பீடு உண்டா?" என்பதே. ஒரு மருத்துவமனை திட்டத்தில் இருப்பதால் அதன் எல்லாப் பிரிவுகளும் திட்டத்தில் இருப்பதாகப் பொருள் இல்லை. எங்கள் மருத்துவமனையிலேயே எலும்புப் பிரிவுக்கு அங்கீகாரம் இருந்து, இதயப் பிரிவுக்கு இல்லாத காலம் ஒன்று இருந்தது. அடுத்து, தொடர்பு அலுவலரைச் சேர்க்கையின்போதே பாருங்கள். மருத்துவக் குறிப்புகளையும் பரிசோதனை முடிவுகளையும் இணைத்து முன் அனுமதி கேட்ட பிறகுதான் திட்டமிட்ட சிகிச்சை தொடங்கும். பணத்தைக் கட்டிச் சிகிச்சை பெற்றுக்கொண்டு, பிறகு ரசீதைக் காட்டித் தொகையைத் திரும்பப் பெறலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படிப்பட்ட திட்டம் இது அன்று. தொகை மருத்துவமனைக்கே செல்லும். தாலியை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு மூன்றாம் நாள் அட்டையோடு வந்த ஒரு தாய்க்கு, எனக்கு மனமிருந்தும் உதவ முடியவில்லை.

அனுமதி வந்த சிகிச்சையில் அறை, அறுவை சிகிச்சை, மருந்து, அதற்கான பரிசோதனை, உணவு எல்லாம் ஒரே தொகுப்பில் அடக்கம். அதற்கு மேல் பணம் கேட்டால் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். நான் மேலே சொன்ன எண்ணில் புகார் செய்யுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் இதற்கென ஒரு குறைதீர் குழு இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவாகவும் கொடுக்கலாம். மருத்துவமனையில் வேலை செய்துகொண்டு இதை நான் சொல்வது சிலருக்கு உவப்பாக இராது. ஆனாலும் நோயாளியிடம் இதை மறைப்பது எனக்குச் சரியென்று படவில்லை.

"அரசு ஆஸ்பத்திரியில் எல்லாமே இலவசம்தானே, அங்கே கார்டு எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. சிவகங்கை, புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் இதே காப்பீட்டில் சிகிச்சை நடக்கிறது. நீங்கள் அட்டையைக் கொடுத்தால், உங்கள் சிகிச்சைக்கான தொகை அந்த அரசு மருத்துவமனையின் கணக்குக்கு வந்து, கருவிகளும், இரத்தக் குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் போன்ற பொருள்களும் வாங்க உதவுகிறது. அட்டையைக் கொடுக்காமல் இருந்தால் உங்களுக்கு மிச்சமாவது ஒன்றுமில்லை.

வருமானச் சான்று எடுக்க முடியாத சிலருக்கும் வழி இருக்கிறது. மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. ஆறு மாதங்களுக்கு மேல் இங்கே தங்கி வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்கள், தொழிலாளர் துறையின் சான்றோடு சேரலாம். ஆலை உரிமையாளர்கள் இதில் முன்கை எடுத்தால் நல்லது. திருச்சி - இராமேசுவரம் சாலையில் விபத்தில் சிக்கியவரை 108-இல் ஏற்றும்போது அட்டையைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தின்கீழ், அதில் சேர்ந்த மருத்துவமனைகளில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டை இல்லாவிட்டாலும் கட்டணமில்லை.

கல்லல் பெண்ணுக்குப் பெயர் சேர்க்கும் வேலை ஒன்பது நாள் பிடித்தது. திருமணப் பதிவுச் சான்றோடும் பெயர் நீக்கச் சான்றோடும் கணவர் வட்ட வழங்கல் அலுவலகத்துக்கும், பின்னர் சிவகங்கைக்கும் அலைந்தார். அத்தனை நாளும் மருத்துவர்கள் மாத்திரையால் மூச்சுத் திணறலைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். மோசமானால் உடனே மதுரை அரசு மருத்துவமனைக்கு மாற்ற ஆம்புலன்சுக்கும் சொல்லி வைத்திருந்தோம். பத்தாம் நாள் காலையில் முன் அனுமதி வந்தது. அன்றே வால்வை விரித்தார்கள். நான்கு மாதம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது அவர் தொடர் பரிசோதனைக்கு வந்தார். மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே நேராக என் மேசைக்கு வந்து, பிறப்புச் சான்றிதழை நீட்டி, "அக்கா, இவ பேரை எப்பச் சேர்க்கணும்?" என்று கேட்டார். முதலில் குழந்தைக்கு ஆதார், பிறகு குடும்ப அட்டை, பிறகு காப்பீடு என்று வரிசையைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.