கேட்டபுல்ட்: தமிழில் கவண்

விமானந்தாங்கிக் கப்பல் பற்றிய செய்திகளில் அடிக்கடி வரும் சொல் கேட்டபுல்ட். மேல்தளத்தில் நிற்கும் போர்விமானத்தை முன்சக்கரத்தோடு பிடித்து இழுத்து, இரண்டே விநாடியில் பறக்கும் வேகத்துக்குக் கொண்டுபோகும் பொறி இது. ஏவுபொறி, உந்துபொறி, விசைப்பொறி என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். கவண் என்று நம்மிடம் நல்ல சொல் இருக்கும்போது இத்தனை எதற்கு?

கேட்டபுல்ட்டின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'கட்டபெல்டேஸ்' என்றால் கோட்டை முற்றுகைக்கான பெரிய வில்பொறி. கிமு 399 வாக்கில் சிசிலித் தீவின் சிரக்யூஸ் நகரை ஆண்ட முதலாம் டயனீசியஸ் கைவினைஞர்களைத் திரட்டி இதைச் செய்வித்தான் என்பார்கள். சொல்லின் பின்பாதிக்கு 'வீசுதல்' என்று சிலரும் 'கேடயம்' என்று சிலரும் பொருள் கொள்கிறார்கள். கேடயத்தைத் துளைப்பது என்பது பின்னவர் கணக்கு. முதலில் அம்பு எய்த பொறி, அப்புறம் கல்லும் எறிந்தது. லத்தீன் வழியாக மற்ற ஐரோப்பிய மொழிகளுக்குப் போய், இருபதாம் நூற்றாண்டில் கப்பலேறியது.

கவண் அதைவிட இளைத்த சொல் அல்ல. சங்க நூலான கலித்தொகையின் குறிஞ்சிக்கலிப் பாட்டொன்றில், யானையை விரட்டக் கவணையிலிருந்து விட்ட கல் வேங்கைப் பூவைச் சிதறடித்துத் தேனடையைத் துளைத்துக்கொண்டு போகிறது. சரி, அது கையால் சுற்றி எறிவதுதானே, இவ்வளவு பெரிய இயந்திரத்துக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை பதில் வைத்திருக்கிறது. மதுரை மதிலின் காவற்பொறிகளை அடுக்கும்போது 'கல்லுமிழ் கவணும்' என்கிறது. ஆக, கோட்டைப் பொறிக்கும் இதே பெயர்தான். கவட்டையில் ரப்பர் கட்டி அடிக்கும் உண்டிவில்லையும் சிலர் கவண் என்பதால்தான் விளையாட்டுச் சாமான் நினைவுக்கு வருகிறது.

அமெரிக்காவின் நிமிட்ஸ் வகைக் கப்பலில் நான்கு நீராவிக் கவண்கள் உண்டு. மேல்தளம் சுமார் 333 மீட்டர் நீளம் என்றாலும், விமானம் கிளம்பக் கிடைப்பது ஏறத்தாழ 90 மீட்டர்தான். அந்த நீளத்துக்குத் தளத்தில் ஒரு மெல்லிய பிளவு மட்டும் தெரியும். அதன் அடியில் இரட்டை உருளைகள், உள்ளே பிஸ்டன்கள். பிஸ்டன்களோடு இணைந்து, பிளவின் வழியே மேலே நீட்டிக்கொண்டு நிற்பது ஷட்டில். தறியில் ஓடும் நாடாவுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். ஆனால் நாடா என்றால் இன்று துணிப்பட்டையைத்தான் நினைப்பார்கள். இழுபிடி என்றால் குழப்பமில்லை.

விமானத்தின் முன்சக்கரக் கம்பி இழுபிடியில் மாட்டப்படும். பின்பக்கம் ஒரு தடைக்கம்பி அதை நகரவிடாமல் வைத்திருக்கும். ஜெட் எஞ்சின் முழு வலுவில் உறும, தளத்திலிருந்து நிமிர்ந்த பலகை அனலை மேலே திருப்பிவிடும். நீராவி திறந்ததும் இழுவிசை தடைக்கம்பியின் பிடியை மீறும்; அவ்வளவுதான், மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் வேகம். ஓட்டத்தின் முடிவில் பிஸ்டன்களின் கூர்முனை நீர்த்தொட்டிக்குள் புகுந்து சில அடிக்குள் நின்றுவிடும், விமானம் மட்டும் போய்விடும். தளத்தில் தவழும் வெள்ளைப் புகை, பிளவின் வழியே கசிந்த நீராவி.

நீராவிக் கவணை உருவாக்கியவர் பிரிட்டிஷ் கடற்படையின் காலின் மிட்செல். 1950-இல் பெர்சியஸ் கப்பலில் சோதனை தொடங்கியது. அதற்கு முன் வெடிமருந்து, அழுத்தக் காற்று, நீரழுத்தம் என்று பலதையும் பார்த்துவிட்டார்கள். 2017-இல் படையில் சேர்ந்த அமெரிக்காவின் ஜெரால்டு ஃபோர்டு கப்பலில் இருப்பது மின்காந்தக் கவண். விமானத்தின் எடைக்கேற்ப விசையை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கலாம் என்பது இதன் பெரிய லாபம். நீராவிக் கவண், மின்காந்தக் கவண், கவண்பாதை என்று இந்தச் சொல் எதனோடும் சிரமமில்லாமல் ஒட்டுவதைக் கவனியுங்கள். ஏவுபொறி என்றாலோ ஏவுகணை ஏவும் கருவியோடு குழம்பும்.

கவணே இல்லாத கப்பல்களும் உண்டு. இந்தியாவின் 1961-ஆம் ஆண்டு விக்ராந்தில் நீராவிக் கவண் இருந்தது. 2022-இல் வந்த புதிய விக்ராந்தில் அது கிடையாது. முகப்பு மேல்நோக்கி வளைந்திருக்கும். விமானம் தன் எஞ்சின் வலுவிலேயே ஓடி அந்த ஏற்றத்தில் எம்பிப் பறக்கும். ஸ்கி ஜம்ப் எனப்படும் இதைப் பனிச்சறுக்கோடு முடிச்சுப்போட்டு மொழிபெயர்க்க வேண்டாம், ஏற்றமுகப்பு என்றால் போதும்.