ஹெட்போன் செருகியது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது?

காட்பாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “சிபியுவின் பின்பக்கப் பச்சை ஜாக்கில் ஹெட்போன் போட்டால் சத்தம் வருகிறது, முன்பக்கம் போட்டால் வரவில்லை. சவுண்ட் கார்டு போய்விட்டது, புதிது போடுங்கள் என்கிறார்கள். போட வேண்டுமா?”

வேண்டாம். பின்பக்கம் ஒழுங்காகப் பாடுகிறது என்றால் மதர்போர்டில் உள்ள ஒலி சிப் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். முன்பக்கம் செருகப்பட்ட செய்தி அதற்குப் போய்ச் சேராமல் இருக்கலாம், அவ்வளவுதான். (இரண்டு பக்கமும் வரவில்லை என்றால் முதலில் விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கைப் பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிளில் மானிட்டர் மாட்டியிருந்தால் ஒலி பல நேரம் அங்கே போய்விடும்.)

அந்தச் செய்தி போகும் வழிதான் இதில் மிக அழகான பகுதி. ஒவ்வொரு ஜாக்கின் உள்ளேயும் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கிறது. பிளக் நுழைந்ததும் அது மூடி, சுற்றை இணைத்துவிடும். நான்கு ஜாக்குக்கு நான்கு கம்பி இழுத்தால் சிப்பில் நான்கு கால்கள் வீணாகும். 2004-இல் இன்டெல் வெளியிட்ட எச்டி ஆடியோ முறையில் நான்குக்கும் ஒரே கம்பிதான். ஒவ்வொரு ஸ்விட்சோடும் ஒரு மின்தடை இருக்கும்: 39.2, 20, 10, 5.1 கிலோ ஓம். ஒவ்வொன்றும் முந்தையதில் ஏறக்குறையப் பாதி.

பத்தாம் வகுப்பில் படித்த பக்க இணைப்பை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். பக்க இணைப்பில் மின்தடைகளின் தலைகீழிகள்தான் கூடும். இந்த நான்கின் தலைகீழிகளும் சுமார் 25, 50, 100, 200 என்ற விகிதத்தில் வரும். வேலூர் நேதாஜி மார்க்கெட் தராசில் இதே அளவில், கிராம் கணக்கில் நான்கே கற்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்த எடை 150 என்றால், எட்டிப் பார்க்காமலே 50-ம் 100-ம் ஏறியிருக்கின்றன என்று சொல்லிவிடலாம். வேறு எந்தச் சேர்க்கையும் 150 தராது. சிப்பும் ஒரே ஒரு மின்னழுத்தத்தை அளந்து, 16 நிலைகளில் எது என்று கண்டுகொள்கிறது. நான்கும் செருகிய நிலைக்கும் மிகச் சிறிய ‘கல்’ மட்டும் இல்லாத நிலைக்கும் இடையே சுமார் 7 சதவீத வித்தியாசம்தான். அதனால்தான் இங்கே 5 சதவீதப் பிழையுள்ள சாதாரண மின்தடை உதவாது, 1 சதவீதமே போடுகிறார்கள். பக்க இணைப்பைச் சூத்திரமாக மட்டும் மனப்பாடம் செய்ய வைக்காமல், பள்ளி ஆய்வகங்களில் இதைச் செய்துகாட்ட வேண்டும். நான்கு மின்தடை, நான்கு ஸ்விட்ச், ஒரு மல்டிமீட்டர் போதும். அதற்குக்கூட நிதி இல்லை என்பதை ஏற்க முடியாது.

இனி வாசகரின் கேபினட் (சிபியு பெட்டி). பவர் கேபிளைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைத் திறங்கள். போர்டின் கீழ் விளிம்பில், பெரும்பாலும் பின்பக்க ஜாக்குகள் இருக்கும் ஓரத்தில், ‘எஃப்_ஆடியோ’ அல்லது ‘ஜேஏயுடி1’ என்று அச்சிட்ட ஊசி (பின்) வரிசை இருக்கும். பத்து இடம், ஒன்பது பின். எட்டாவது இடம் காலி. யுஎஸ்பி வரிசையும் இதே தோற்றம்தான், ஆனால் அதில் காலி ஒன்பதாவது இடம். பொருந்தவில்லை என்றால் அழுத்தாதீர்கள், பின் வளைந்துவிடும்.

ஒலி வரிசையின் பின் எண்களில் 5-ம் 9-ம் ஹெட்போனின் வலது, இடது ஒலி. 7 செய்தியை அனுப்பும் கம்பி, 10 ஹெட்போன் ஜாக்கிலிருந்து திரும்பும் கம்பி, 6 மைக்கிலிருந்து திரும்புவது. கேபினட் கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, 7-க்கும் 10-க்கும் நேரான துளைகளில் முனைகளை வையுங்கள். ஹெட்போனைச் செருகும்போது பீப் வர வேண்டும். வரவில்லை என்றால் ஸ்விட்ச் போய்விட்டது, அல்லது அந்தக் கேபினட்டில் கம்பியே கொடுக்கவில்லை. எச்டி ஆடியோவுக்கு முந்தைய, பழைய ஏசி 97 வகைக் கேபினட்டுகளில் அப்படித்தான் இருக்கும். அப்போது ஒலி சிப்புக்கான ரியல்டெக் மென்பொருளில் முன்பக்க ஜாக்கைக் கண்டறியும் வசதியை அணைத்துவிடுங்கள். சிப் யாரையும் கேட்காமல் ஒலியை அனுப்பிவிடும். ஹெட்போன் இல்லாதபோதும் பீப் வந்தால் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்பக்க ஸ்பீக்கர் ஊமையாவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பவர்கள் மேல்தகட்டில் வையுங்கள். முன்பக்க ஜாக்கில் அந்தத் தூள் இறங்கினால் ஸ்விட்சின் தொடுமுனைகளில் படிந்துவிடும்.

செல்போன் ஹெட்செட்டின் நான்கு தொடுமுனைப் பிளக்கைப் போட்டு, இசை மட்டும் கேட்டுப் பாடகர் குரல் மறைந்தால், ஹெட்செட்டின் பூமிக் கம்பி (இரு பக்க ஒலிக்கும் பொதுவான திரும்பு கம்பி) சரியாகத் தொடவில்லை என்று பொருள். மைக் பட்டனை அழுத்திப் பிடித்ததும் குரல் திரும்பினால் சந்தேகமே வேண்டாம். இரண்டு பிளக்காகப் பிரிக்கும் ஒய் கேபிள் வாங்குங்கள்.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்றால் எர்த் இல்லை. கேபினட்டுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள், எர்த் இல்லாத உலோகப் பெட்டியை 230 வோல்ட்டில் பாதிக்குக் கொண்டுபோய்விடும். மைக்கில் இரைச்சல் ஏறும். வேலூர் வெயிலில் சித்திரை, வைகாசியில் எர்த் குழி வறண்டு மண்ணின் மின்தடை கூடிவிடும். குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டு எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 வோல்ட்டை ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட்டும் இருக்க வேண்டும்.