ஆள் தூங்க, பலகை ஓட்டும்

தூத்தூர், வள்ளவிளை, நீரோடி என்று கேரள எல்லையை ஒட்டிக் கிடக்கிற நம் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில், ராத்திரி ஒருவர் வீல் பிடித்தால் மற்றவர்கள் கண்ணயரலாம். அப்புறம் முறை மாறும். சரி, படகில் இருப்பதே ஒரே ஒரு ஆள்தான், கரையைத் தொடாமல் எட்டு மாதம் ஓட வேண்டும் என்றால் அந்த முறைக்கு யார் வருவது? கோல்டன் குளோப் பாய்மரப் படகுப் பந்தயத்தில் இதற்கு விடை வைத்திருப்பவர்கள்தான் ஊர் திரும்புகிறார்கள்.

லண்டனின் சண்டே டைம்ஸ் பத்திரிகை 1968இல் இந்தப் பந்தயத்தை அறிவித்தது. தனி ஆளாக, எங்கும் நிற்காமல், பிறர் உதவி இல்லாமல் உலகத்தைச் சுற்றி வர வேண்டும். அதுவரை யாரும் செய்யாத காரியம். ஒன்பது பேர் கிளம்பினார்கள். பெர்னார் முவாதெசியே பந்தயமே வேண்டாம் என்று தாஹிட்டித் தீவுக்குப் போய்விட்டார். நைஜல் டெட்லியின் படகு ஊர் திரும்பும் வழியில் மூழ்கியது. டொனால்ட் குரோஹர்ஸ்ட் தன் இருப்பிடத்தைப் பொய்யாகச் சொல்லிக்கொண்டே போய்க் கடைசியில் காணாமல் போனார். கிளம்பிய துறைமுகத்துக்குச் சுற்றி வந்து சேர்ந்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவரே. 1969 ஏப்ரல் 22 அன்று, 312 நாட்கள் கழித்து இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்தில் அவர் நுழைந்த 'சுஹைலி' பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய படகு. நீளம் 32 அடிதான்.

இனி, ஆள் தூங்கும்போது படகை ஓட்டும் அந்தப் பலகைக்கு வருவோம். படகின் பின்முனையில், ஆள் உயரத்துக்கு மேலே, மெல்லிய ஒட்டுப்பலகை ஒன்று நிமிர்ந்து நிற்கும். கீழே அதற்குச் சமமாக ஓர் எடை. மாலுமி படகை வேண்டிய திசையில் செலுத்திவிட்டு, பலகையின் விளிம்பு காற்றைப் பார்க்கும்படி திருப்பிப் பூட்டுவார். படகு நேராகப் போகும்வரை காற்று பலகையின் இரு பக்கமும் சமமாக வழுக்கிப் போகும். ஓர் அலை வந்து அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, நாலைந்து டிகிரி தள்ளிவிட்டால், பலகை தன் ஒரு முகத்தைக் காற்றுக்குக் காட்டும். உடனே அது சாயும்.

ஆனால் சில டன் எடையுள்ள படகின் சுக்கானைத் திருப்ப அந்தச் சாய்வுக்குப் பலம் போதாது. இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் பிளாண்டி ஹாஸ்லர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி. படகின் பின்னால் தண்ணீருக்குள் இன்னொரு ஒடுங்கிய பலகை, இடமும் வலமும் ஆடும்படி தொங்குகிறது. மேலே காற்றுப் பலகை சாய்ந்தால், கீழே இந்த நீர்ப் பலகை லேசாக முறுக்கிக்கொள்ளும். முறுக்க மட்டும் பெரிய பலம் தேவையில்லை. ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை நீட்டிக் கொஞ்சம் சாய்த்தால் கை எகிறுமே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. அதுவும் காற்றைவிட 800 மடங்கு அடர்த்தியான தண்ணீரில். நீர்ப் பலகை பலமாக ஒரு பக்கம் ஒதுங்கும். அதில் கட்டிய கயிறுகள் சுக்கானை இழுக்கும். படகு பழைய திசைக்குத் திரும்பியதும் காற்றுப் பலகை நிமிரும், நீர்ப் பலகை நேராகும், சுக்கான் நடுவுக்கு வரும். பேட்டரி இல்லை, மோட்டார் இல்லை. படகின் வேகமே சுக்கானைத் திருப்பும் சக்தியாகிறது. எனக்கு இதைவிட அழகான இயந்திரம் தெரியாது.

இது திசைகாட்டியைப் பார்த்து ஓட்டுவதில்லை, காற்றைப் பார்த்தே ஓட்டுகிறது. பாய் விரித்து ஓடிய காலத்தில் நம் பெரியவர்களும் இருட்டில் கன்னத்தில் காற்று படும் இடத்தை வைத்துப் போக்கு பிடித்தவர்கள்தான். கச்சான் காற்று மெல்லத் திசை மாறினால் படகும் கூடவே மாறும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பின்காற்றுதான் இதற்குப் பெரிய சோதனை. 15 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) காற்றில் 6 நாட் வேகத்தில் காற்றோடு ஓடும் படகில், பலகை உணர்வது 9 நாட் காற்றை மட்டுமே. அதே படகு காற்றை எதிர்த்துச் சாய்ந்து ஏறும்போது சுமார் 19 நாட் உணரும். காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி கூடுவதால், இரண்டுக்கும் நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம். இந்தப் பந்தயத்தின் பெரும்பகுதி தெற்குப் பெருங்கடலில், பின்னாலிருந்து வரும் காற்றில்தான் நடக்கிறது. பலகைக்குப் பலம் குறைவு, அலையோ மலை மாதிரி.

சுஹைலியின் காற்றுப் பலகைக் கருவி ஆஸ்திரேலியக் கடலில் உடைந்தே போனது. மீதி தூரத்தை நாக்ஸ்-ஜான்ஸ்டன் பாய்களைச் சரிக்கட்டியே ஓட்டினார். முன்பாயில் காற்று கூடினால் அணியம் காற்றை விட்டு விலகும். பின்பாயில் கூடினால் காற்றை நோக்கித் திரும்பும். இரண்டையும் ஒன்றையொன்று அடக்கும்படி வைத்தால் சுக்கானைக் கட்டிவிட்டுத் தூங்கலாம். இதற்குப் படகின் அடியில் முதுகெலும்பு மாதிரி நீளமாக ஓடும் கீல் வேண்டும். சுஹைலிக்கு அது இருந்தது. 2018இல் பந்தயம் மீண்டும் தொடங்கியபோதும் நீளக் கீல் படகுகளையே அனுமதித்தார்கள். ஜிபிஎஸ் கூடாது, மின்சார ஆட்டோபைலட் கூடாது, எல்லாம் 1968 முறைதான்.

அந்தப் பந்தயத்தில் சுஹைலியின் அச்சில் கோவாவில் கட்டிய 'துரியா'வில் போனவர் கேரளத்தின் அபிலாஷ் டோமி. செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடல் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு நொறுங்கி, எழ முடியாமல் கிடந்தார். மூன்றாம் நாள் ஒரு பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. ஒக்கிப் புயல் போய் ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது; அந்த மூன்று நாட்கள் என்றால் என்ன என்பதை இந்தக் கரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2022இல் அவர் மறுபடியும் கிளம்பினார். வழியில் அவருடைய காற்றுக் கருவியின் பலகைகள் ஒவ்வொன்றாக உடைய, படகுக்குள் இருந்த பலகைகளையே அறுத்து மாற்றுப் பலகை செய்து பொருத்தினார். 236 நாட்களில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். இந்தியர் யாரும் அதற்கு முன் தொடாத இடம். முதலில் வந்தவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர். படகு மூழ்கித் தத்தளித்த இன்னொரு போட்டியாளரை வழியில் காப்பாற்றிவிட்டு வந்து ஜெயித்தவர் அவர்.

பலகைக்கு ஒரு குறை மட்டும் தீரவே தீராது. அதற்குக் கண் கிடையாது. கேரளக் கடலில் சரக்குக் கப்பல் மோதி நம் ஊர் ஆட்கள் போன படகுகள் நொறுங்கியிருக்கின்றன. விழித்துக் காவல் இருப்பது ஏன் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். 20 நாட் வேகத்தில் வரும் கப்பல், சின்னப் படகிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தைக் கடந்து மேலே ஏற சுமார் 20 நிமிடம் போதும். கப்பல் போகும் பாதையில் தனி மாலுமிகள் அலாரம் வைத்துத் தூங்குவதும் அந்த 20 நிமிடக் கணக்கில்தான்.