மகனீசியக் காவலும் ஐம்பத்து நாலு வயதுப் பாடமும்

சுன்னாகத்தில் மோட்டார்சைக்கிள் திருத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எனக்கு 54 வயசு. காபரேற்றர் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு கழட்டிப் பூட்டுவன். இப்ப வாற இஞ்செக்சன் வண்டியளின்ரை புத்தகத்தை இரவிலை நாலு தரம் வாசிக்கிறன். விடிய எழும்பினால் ஒண்டும் நிக்குதில்லை. இனி எனக்கு ஏறாதோ?”

ஏறும். பழுது அவருடைய மூளையில் இல்லை, “ஒரே இரவில் நாலு தரம்” என்ற கணக்கில் இருக்கிறது. ஏன் என்று விளங்க வேண்டுமானால், மூளைக்குள் இருக்கும் மிகச் சின்னக் கதவு ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

நமது மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளன. ஒரு கலத்தின் நுனிக்கும் அடுத்த கலத்துக்கும் நடுவே 20 நனோமீற்றர் அளவில் ஓர் இடைவெளி. முதற்கலம் குளுத்தமேற்று என்ற இரசாயனத்தைச் சிந்துகிறது, அடுத்த கலம் தன் வாங்கிகளால் அதைப் பிடிக்கிறது. ஒன்றைக் கற்கிறோம் என்றால் இப்படியான சந்திப்புகளில் சில பலக்கின்றன, சில தளர்கின்றன. உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு இதுவரை புதிதாக ஒன்றுமில்லை.

புதினம் அந்த வாங்கிகளில்தான் இருக்கிறது. அவற்றில் ஒரு வகை, ஆம்பா வாங்கி, நேர்மையான கதவு. குளுத்தமேற்று தொட்டதும் திறக்கும், நேரேற்ற அயன்கள் உள்ளே வரும். இன்னொரு வகை என்.எம்.டி.ஏ. வாங்கி. குளுத்தமேற்று வந்து இதைத் திறந்தாலும் வழி கிடைப்பதில்லை, ஏனென்றால் துவாரத்தின் ஒடுங்கிய இடத்தில் ஒரு மகனீசியம் அயன் அடைத்துக்கொண்டு நிற்கும். ஓய்வாக இருக்கும் கலத்தின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ற் மறையாக இருக்கிறது. மகனீசியத்துக்கோ இரண்டு நேரேற்றம். உட்புறம் அதை இழுக்கிறது, அது போய்ச் சிக்கிக்கொள்கிறது. இரண்டு ஆய்வுக் குழுக்கள் 1984இல் தனித்தனியே இதைக் காட்டின.

அந்தக் காவலை அகற்ற ஒரே வழி, கலம் ஏற்கெனவே உற்சாகமாக இருப்பதுதான். ஆம்பா வாங்கிகளாலும் அக்கம்பக்கத்துச் சந்திப்புகளாலும் போதிய நேரேற்றம் உள்ளே வந்து சேர்ந்தால் உட்புறத்தின் இழுவை குறையும். மகனீசியத்தின் பிடி விடும், அது வெளியே தள்ளப்படும். உடனே கல்சியம் உள்ளே பாயும். வெளியே கல்சியத்தின் செறிவு உள்ளே இருப்பதைப்போல் பத்தாயிரம் மடங்கு, ஆகவே ஒரு கணத் திறப்பே போதும்.

கியரில் நிற்கும் மோட்டார்சைக்கிளில் கிளச்சைப் பிடித்தபடி ஸ்ராட்டர் பொத்தானை அமத்தினால்தான் எஞ்சின் சுற்றும். ஒன்று மட்டும் போதாது. இந்த வாங்கியும் அப்படித்தான். முன்கலம் பேச வேண்டும், அதே நேரத்தில் பின்கலம் விழித்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக நிகழ்ந்தன என்ற செய்தியை ஒரே ஒரு உலோக அயன் அரணாக நின்று சோதித்துப் பார்க்கிறது. உடம்பில் இதைவிட அழகான ஆளி வேறு இல்லை என்பது என் எண்ணம்.

கல்சியம் நுழைந்ததும் நொதியங்கள் உசாராகும். சில நிமிடங்களுக்குள் கூடுதல் ஆம்பா வாங்கிகள் அந்தச் சந்திப்புக்குக் கொண்டுவரப்படும். அடுத்த தடவை அதே செய்திக்குப் பெரிய பதில் கிடைக்கும். ஆனால் அது நாட்கணக்கில் நிற்க வேண்டுமானால் புதிய புரதங்கள் செய்யப்பட வேண்டும், அதற்கு மணித்தியாலங்கள் வேண்டும்.

வயது எங்கே வருகிறது? என்.எம்.டி.ஏ. வாங்கி சில துணைப் பகுதிகள் சேர்ந்தது. குழந்தைப் பருவத்தில் ‘2பி’ என்ற பகுதி கூட இருக்கும். வளர வளர, பல இடங்களில் ‘2ஏ’ அந்த இடத்தைப் பிடிக்கும். 2பி உள்ள கதவு கூடுதல் நேரம் திறந்திருக்கும், 2ஏ உள்ளது கெதியாகச் சாத்திக்கொள்ளும். 2பி மிகுதியாக இருக்கும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகள் வளர்ந்த பிறகும் மற்றச் சுண்டெலிகளைவிட நன்றாகக் கற்றதை 1999இல் காட்டினார்கள். ஆக, வயது வந்தவரின் கதவு பூட்டப்படவில்லை. திறந்திருக்கும் நேரம் குறைந்திருக்கிறது. குழந்தை சும்மா பார்த்துக்கொண்டிருந்தே பிடிப்பதை, வளர்ந்தவர் கவனத்தோடு, சின்னச் சின்னத் துண்டாகப் பிடிக்க வேண்டும்.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி கூகை. எரிக் நுட்சன் என்பவரின் ஆய்வுகூடத்தில் கூகைகளுக்குப் பார்வையைப் பக்கவாட்டில் நகர்த்தும் அரியக் கண்ணாடி மாட்டினார்கள். காது ஒரு திசையைச் சொல்லும், கண் வேறு திசையைச் சொல்லும், மூளை தன் ஒலி வரைபடத்தைத் திருத்தியாக வேண்டும். குஞ்சுகள் 23 பாகை மாற்றத்தையும் பழகிக்கொண்டன, வளர்ந்தவற்றால் ஏறக்குறைய முடியவில்லை. ஆனால் 2002இல் அதே மாற்றத்தைச் சிறுசிறு படிகளாகக் கொடுத்தபோது வளர்ந்த கூகைகளும் பெருமளவு பழகின. 2005இல் இன்னொன்று செய்தார்கள். 17 பாகைக் கண்ணாடி, 10 கிழமை. ஒரு தொகுதிக்குச் செத்த எலியைக் கொடுத்தார்கள், மற்றத் தொகுதி உயிருள்ள எலியைத் தானே வேட்டையாடிப் பிடித்தது. வேட்டையாடியவற்றின் ஒலி வரைபடம் ஏறத்தாழ 5 மடங்கு கூட நகர்ந்திருந்தது. கண்ணாடியிலும் நாட்கணக்கிலும் வேறுபாடில்லை, தேவை மட்டும்தான் வேறு. கூகை குழறினால் வீட்டில் சாவு என்று கல்லெறிகிற பழக்கத்தை நாங்கள் இனியாவது விட வேண்டும். வயலில் எலி பிடிப்பதும் அந்தப் பறவைதான்.

இப்போது “நாலு தரம்” என்ற கணக்குக்கு வருவோம். எலி மூளைத் துண்டுகளில் சந்திப்புகளைத் தூண்டிப் பார்த்து 2012இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. முதல் தூண்டலுக்குப் பிறகு 10 அல்லது 30 நிமிடத்தில் இரண்டாவது தரம் தூண்டினால் கூடுதல் பலன் இல்லை. 60 நிமிடம் விட்டுத் தூண்டினால் புதிதாக வேறு சந்திப்புகளும் பலத்தன. முதற்தடவை மயிரிழையில் தவறிய சந்திப்புகள் அந்த ஒரு மணித்தியாலத்தில் தயாராகின்றன, இரண்டாவது தூண்டல் அவற்றைப் பிடிக்கிறது. இடைவெளியே இல்லாமல் திருப்பித் திருப்பி வாசிப்பவர், ஏற்கெனவே பலத்த சந்திப்பில் மட்டும் தட்டிக்கொண்டிருக்கிறார்.

வாசிப்பதற்கும் நினைவிலிருந்து எடுப்பதற்கும் உள்ள வித்தியாசமும் அளந்து பார்க்கப்பட்டதுதான். 2006இல் மாணவர்களிடம் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். நாலு தரம் வாசித்தவர்கள் 5 நிமிடம் கழித்து 83 சதவீதம் சொன்னார்கள், ஒரு கிழமைக்குப் பிறகு 40. ஒரு தரம் வாசித்து மூன்று தரம் புத்தகத்தை மூடி எழுதிப் பார்த்தவர்கள் 5 நிமிடத்தில் 71தான், ஒரு கிழமைக்குப் பிறகு 61. நாலு தரம் வாசித்தவருக்கு அன்றிரவு வரும் ‘விளங்கீட்டுது’ என்ற திருப்தி அந்த 83. விடியவரும் வெறுமைக்கும் காரணம் அதுதான்.

ஆகவே சுன்னாகத்து வாசகருக்கு: ஓர் இரவுக்கு ஒரு பாகம் போதும். முதலில், திறொட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கம்பியூட்டருக்குச் சொல்லும் திறொட்டில் பொசிஷன் சென்சரை எடுங்கள். ஒரு தரம் வாசித்து, புத்தகத்தை மூடி, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கீறுங்கள். மூன்று வயர். ஒன்றில் 5 வோல்ற், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். சிக்னல், திறொட்டில் மூடியிருக்க அரை வோல்ற் அளவிலும், முழுக்கத் திறக்க நாலரை அளவிலும் இருக்கும் (வண்டிக்கு வண்டி சிறிது மாறும், சரியான எண் அந்த வண்டியின் புத்தகத்தில்). பிழைகளைச் சிவப்புப் பேனையால் திருத்துங்கள். சாப்பிட்டு, ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பக் கீறுங்கள். பிறகு படுங்கள், இரவெல்லாம் கண்விழித்தால் மூளை அன்றைய பாடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் வேலை கெடும். விடியக் கடை திறந்ததும் மல்ரிமீற்றரை எடுத்து வந்துநிற்கும் வண்டியில் அளந்து பாருங்கள். உயிருள்ள எலி அதுதான்.

அடுத்தது எப்போது? ஒரு கிழமைக்கு நினைவிருக்க வேண்டுமானால் ஒரு நாள் இடைவெளி நன்று, ஒரு மாதத்துக்கு 11 நாள், ஒரு வருடத்துக்கு 21 நாள் என்று 2008இல் ஒரு பெரிய ஆய்வு கண்டது. மறுநாள், பன்னிரண்டாம் நாள், பிறகு மூன்று கிழமைக்கு ஒருக்கால் என்று கலண்டரில் புள்ளி வையுங்கள். கீறும்போது பாதி மறந்திருந்தால் இடைவெளி சரி. எல்லாம் மறந்திருந்தால் கிட்டக் கொண்டுவாருங்கள். தடங்கலே இல்லாமல் வந்தால் இன்னும் தள்ளிப் போடலாம்.

முப்பது வருட அனுபவம் இங்கே பெரிய முதல். காபரேற்றரில் சோக் செய்த வேலையை எஞ்சின் வெப்பநிலைச் சென்சர் செய்கிறது, பெற்றோலை அளந்துவிட்ட மெயின் ஜெற்றின் வேலை இஞ்செக்ரர் திறந்திருக்கும் மில்லிசெக்கன் கணக்காக மாறியிருக்கிறது. ஆனால் அதே அனுபவம் ஓரிடத்தில் காலை வாரும். ஐடில், அதாவது வண்டி சும்மா நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம், குறைந்தால் கை தானாக இஸ்குரூவுக்குப் போகும். பல இஞ்செக்சன் வண்டிகளில் ஐடிலைக் கம்பியூட்டர் பார்த்துக்கொள்கிறது. திறொட்டில் நிற்கும் இடத்து இஸ்குரூவை முறுக்கினால் சென்சரின் அடிப்படை வோல்ற் பிசகும், பிறகு ஐடில் அலையும். அறிவுக்குத் தெரிந்தாலும் கைக்குத் தெரியாது. அந்த இஸ்குரூவின் மேல் சிவப்பு ரேப் ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள். கை தட்டுப்படும் அந்த அரைச் செக்கனில்தான் புதுப் பழக்கம் நுழையும்.

ஓய்வுபெற்ற பிறகு சிங்களம் படிப்பவர்களுக்கும் இதே சிக்கல், காதில் வருகிறது. சொல்லின் தொடக்கத்தில் வரும் வல்லெழுத்தை அழுத்தியும் மென்மையாகவும் சொல்வதால் தமிழில் பொருள் மாறுவதில்லை. சிங்களத்தில் மாறும். மஞ்சள் நிறத்துக்கான சொல்லையும் மரத்துக்கான சொல்லையும் தமிழெழுத்தில் எழுதினால் இரண்டும் ‘கஹ’தான். அதனால் சிங்களத்தைத் தமிழெழுத்தில் எழுதிப் பாடமாக்குவது முதற்பிழை, வித்தியாசம் தாளிலேயே அழிந்துவிடுகிறது. சிங்கள எழுத்தை முதல் இரண்டு கிழமையில் பழகுங்கள். பிறகு இப்படிச் சோடிச் சொற்களை இன்னொருவர் சொல்ல, எது என்று நீங்கள் காட்ட, சரி பிழையை அவர் உடனே சொல்ல வேண்டும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். வளர்ந்தபின் மொழி வராது என்பவர்கள் மானிப்பாயை நினைக்கலாம். அங்கே பணிபுரிந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 1847இல் தன் இருபதுகளின் நடுவில் யாழ்ப்பாணம் வந்து தமிழ் படித்தவர். பிறகு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார்.

ஒன்றைக் கோபத்தோடேயே சொல்ல வேண்டியிருக்கிறது. உத்தியோகத்தர்களின் பயிற்சிக்கென்று வரும் பணம் பெரும்பாலும் ஒருநாள் செயலமர்வாகவே கரைகிறது. காலை எட்டரைக்கு மண்டபம், மங்கள விளக்கு, திரையில் எண்பது பக்கம், மாலை நாலு மணிக்குச் சான்றிதழ். மேலே சொன்ன எல்லா ஆய்வுக்கும் நேரெதிரான ஏற்பாடு அது. நினைவாற்றல் மாத்திரையென்றும் பாணியென்றும் வாங்கிக் கொடுக்கும் பணமும் இதே கணக்கில்தான் சேரும். வல்லாரைச் சம்பல் நல்ல சாப்பாடு, இடைவெளிக்கு அது பதிலாகாது.

இடைவேளைகள் போக அதில் மிஞ்சும் ஆறு மணித்தியாலத்தை நாளுக்கு ஒன்றாக ஆறு நாட்களுக்குப் பிரித்தால் மண்டப வாடகையும் மிஞ்சும். ஒரு வார்ட்டுக்கு, சேலைனை அளவான வேகத்தில் ஏற்றும் புதிய இன்பியூசன் பம்ப் வருகிறது என்று வையுங்கள். தாதியருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு செயற்பாடு: குழாய் பூட்டுவது, காற்றுக் குமிழி அலாரம், வேகம் மாற்றுவது. விளங்கப்படுத்துவது பாதி நேரம், அவர்களே செய்து காட்டுவது பாதி நேரம். மூன்று கிழமை கழித்து, முன்னறிவித்தல் இல்லாமல், கடமை மாறும் நேரத்தில் பம்பைக் கையில் கொடுத்துக் கேட்க வேண்டும்: “ஒரு லீற்றர் சேலைன், 24 மணித்தியாலம். பூட்டுங்கோ, மிஸ்.” ஆயிரத்தை 24ஆல் பிரித்து, மணிக்கு 42 மில்லிலீற்றர் என்று விரல் எண்ணை அமத்துகிறதா, அல்லது அலாரம் அடிக்கிறதா என்று பார்த்தால் அடுத்த கிழமைப் பாடம் எது என்று தெரிந்துவிடும்.