கிளஸ்டர்: குழு வேண்டாம், கொத்து போதும்

போன மாதம் ஈரோட்டில் ஒரு மாணவரின் ஆய்வறிக்கையைப் படித்தேன். 40 மஞ்சள் மாதிரிகளை, மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினின் அளவையும் ஈரப்பதத்தையும் வைத்து, பைத்தான் நிரல்மொழியில் கிளஸ்டர் பிரித்திருந்தார்; அதாவது ஒன்றுக்கொன்று நெருக்கமானவற்றை ஒன்றாகச் சேர்த்திருந்தார். எந்த மாதிரியிலும் குர்குமின் 2.5 சதவீதத்துக்குக் கீழே இல்லை. அட்டவணையில் மட்டும் "குழுச் சராசரி 1.4" என்று இருந்தது. கேட்டதற்கு, "ஏனுங்க சார், நிரல் குடுத்ததுல மூணாவது பத்தியில இருக்கறது குழுச் சராசரி தானுங்களே? பாடக்குறிப்புல அப்படித்தானுங்க இருந்துச்சு" என்றார். கிளஸ்டருக்குக் குழு என்று எழுதுகிறார்கள்; தப்பை நான் அந்தச் சொல்லின் மேல்தான் போடுவேன்.

கிளஸ்டர் பழைய ஆங்கிலச் சொல். திராட்சை போல ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தொங்குவதற்குப் பெயர். தமிழில் அது கொத்து.

குழு என்பது ஆட்களைச் சேர்த்து அமைப்பது. தேர்வுக் குழு, மகளிர் சுய உதவிக் குழு என்றால் யார் உறுப்பினர் என்பது முதலிலேயே தெரியும். கிளஸ்டரில் அது தெரியாது; எது எதோடு நெருக்கம் என்று தரவைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைவிடப் பெரிய கெடுதல், குரூப் என்பதற்கும் நாம் குழு என்றே எழுதுகிறோம். குரூப் ஆவரேஜ் என்பது எந்தக் கொத்தை எதோடு சேர்ப்பது என்று முடிவு செய்யும் ஓர் இணைப்பு முறை. இரண்டு கொத்துகளுக்கு இடையில் உள்ள எல்லா ஜோடித் தூரங்களின், அதாவது மாதிரிக்கு மாதிரி உள்ள வித்தியாசங்களின், சராசரி. கிளஸ்டர் மீன் என்பது ஒரே கொத்துக்குள் இருக்கும் மாதிரிகளின் சராசரி. ஒன்று தூரம், இன்னொன்று குர்குமின். குறிப்பில் இரண்டும் "குழுச் சராசரி"!

பைத்தானின் சைப்பை தொகுப்பில், மாதிரிகளைப் படிப்படியாகச் சேர்த்து மரம்போல ஆக்கும் லிங்கேஜ் என்ற கட்டளை 40 மாதிரிகளுக்கு 39 வரிசை, 4 பத்தி தரும். முதல் இரண்டு பத்திகள் எவை சேர்ந்தன என்பது. மூன்றாவது, எவ்வளவு தூரத்தில் சேர்ந்தன. நான்காவது, சேர்ந்த கொத்தில் எத்தனை மாதிரிகள். கொத்தின் சராசரி அதில் எங்குமே கிடையாது. எஃப்கிளஸ்டர் என்ற இன்னொரு கட்டளையால் அந்த மரத்தை வெட்டி, ஒவ்வொரு மாதிரிக்கும் கொத்து எண் வாங்கி, அப்புறம் மூலத் தரவுக்குப் போய்த்தான் கணக்கிட வேண்டும். மொழிபெயர்ப்பவர்கள் ஒருமுறை நிரலை ஓட்டிப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து வைத்துவிடுகிறார்கள். தமிழில் படித்தால் குழப்பம் என்று பிள்ளைகள் ஒதுங்குவது இதனால்தான். எனக்கு இதில் நிஜமாகவே கோபம் உண்டு.

கொத்து என்றால் மண் கொத்துவது நினைவுக்கு வருமாம். முருங்கை கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கு என்றால் இங்கே யாருக்குப் புரியாது? பத்திரிகைகள் கொத்துக்குண்டு என்றுதானே எழுதுகின்றன? இலங்கையில் கொரோனா காலத்தில் கொத்தணி என்றார்கள். அழகான சொல். ஆனால் கணக்குப் பாடத்தில் அணி என்றால் மேட்ரிக்ஸ், லிங்கேஜ் தருவதும் ஓர் அணி. அதனால் இந்தத் துறைக்கு ஒத்துவராது.

இப்படி மரமாகச் சேர்க்கும் முறைக்கு ஆங்கிலத்தில் ஹைரார்க்கிகல் கிளஸ்டரிங் என்று பெயர். ஹைரார்க்கிகல் என்பதற்குப் படிநிலை என்கிறார்கள். பதவி வரிசைக்கு அது சரி. இங்கே மேலே கீழே என்ற அதிகாரம் இல்லை, ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிறது. கோபிசெட்டிபாளையம் பக்கத்து வாழைத்தாரைப் பாருங்கள்: காய்கள் சேர்ந்து சீப்பு, சீப்புகள் சேர்ந்து தார். அடுக்குக் கொத்தாக்கம் என்பேன்.

அந்த மாணவர் அட்டவணையைத் திருத்தி அனுப்பினார். இப்போது அதில் இரண்டு பத்திகள்: இணைப்புத் தூரம் 1.4, கொத்துச் சராசரி 3.6.